செல்லாக் காசு

சென்ற ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒருநாள் இரவு, வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்பு, என் அப்பத்தா தன் சுருக்குப்பையை அவிழ்த்து என் முன்னே கொட்டினாள். கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, இரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை, மூணாறுக்குப் போய்வந்த பஸ் சீட்டு, கொஞ்சம் சில்லறை. இவற்றோடு பழந்துணி முடிச்சு ஒன்றும் விழுந்தது. அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். உள்ளே இரண்டு வட்டத் தகடுகள் இருந்தன. ஒன்று மஞ்சளாய் மினுங்கியது. மற்றொன்று கறுத்து, நசுங்கி, விளிம்போரம் ஒரு துளையோடு கிடந்தது.

"இந்தா சாமி, இது பவுனு. தங்கச்சி படிப்புக்கு ஆகும். நீ படிச்ச பிள்ளை. எவன்கிட்டயும் ஏமாறாம என்ன வெல பெறும்னு பாத்துட்டு வா."

"இந்த இன்னொண்ணு என்ன அப்பத்தா?"

"அது கெடக்கு தகரம். எங்காத்தா ரெண்டையும் ஒண்ணா முடிஞ்சு வச்சிருந்தா. நானும் பிரிக்கல."

அந்த இரண்டு தகடுகளின் கதையைத்தான் நம் மன்றத்து மலருக்கு எழுத எண்ணினேன். இரசாயனம் பயில்கிறவனுக்குக் கதை எழுத வருமா என்று நண்பர்கள் கேட்கலாம். வராது. நடந்ததை நடந்தபடி எழுதலாம் அல்லவா?

வட்டவடை என்ற பெயரை உங்களுள் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர் போனால், மலைச்சரிவெல்லாம் படிப்படியாய் வெட்டிய வயல்கள் தெரியும். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைகிற பூமி. காந்தளூர், வட்டவடை வெள்ளைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பயிர். கிழக்கே எல்லை தாண்டினால் கொடைக்கானல் மலை. ஆட்சி கேரளத்தது, தெருவில் கேட்கும் பேச்சோ தமிழ். முதுவர் என்னும் பழங்குடியினரும், பல தலைமுறைக்கு முன் மலையேறி வந்த தமிழ்க் குடிகளும் அங்கே உண்டு. எங்கள் குடும்பம் அவ்வளவு பழையதன்று. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, என் தாத்தா வேலையினின்று ஓய்வு பெற்றதும் லயத்து அறையைக் காலி செய்துவிட்டு, கோவிலூர்ப் பக்கம் சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியவர்கள் நாங்கள். எங்கே போனாலும் "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்வி எங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

தங்கைக்கு அந்த ஆண்டுதான் நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்ட இரண்டு வாரமே இருந்தது. அப்பாவின் கையில் பாதித் தொகை இருந்தது. மீதிக்கு வழி தேடி அவர் இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை அப்பத்தா பார்த்திருக்கிறாள். ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒருவருக்கும் காட்டாத முடிச்சு அதனால்தான் அவிழ்ந்தது.

ஏன் இத்தனை காலம் காட்டவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. அப்பத்தா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அவளுடைய தாய் பதினான்கு வயதில் தோட்டத்துத் துரையின் பங்களாவில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம். ஒருநாள் காலை, சீட்டாடும் மேசையின் கீழே விரிப்பை உதறியபோது, இந்த மஞ்சள் வட்டம் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறு பக்கம் கேடயம். எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். மறுநாள் திருப்பி வைத்துவிடலாம் என்று எண்ணினாள். மறுநாள் போனபோது துரைசாணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபோது தானாகக் கொடுத்தால், "ஏன் எடுத்தாய்?" என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. அந்தப் பயத்திலேயே நாட்கள் போயின. சில மாதங்களில் துரையும் துரைசாணியும் கப்பலேறிவிட்டார்கள். அதன் பிறகு யாரிடம் கொடுப்பது?

"எங்காத்தா வருசா வருசம் மாரியம்மன் திருவிழாவுல ஒரு நாள் கூலிய உண்டியல்ல போடுவா. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. சாகும்போது எங்கிட்டச் சொன்னா. 'இது நம்ம பொருளில்ல. பசிக்கு விக்காத. பிள்ளைக படிப்புன்னு வந்தா மட்டும் வித்துக்க. அந்தப் பாவத்த சரசுவதி பொறுத்துக்குவா'ன்னா."

இதைக் கேட்டபின் எனக்கு உறக்கம் வரவில்லை.

மற்றவர்களிடம் காட்ட அஞ்சியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பாவிடம் ஒருவன் வந்து, பழைய செப்புக் காசு ஒன்று அரிசியை இழுக்கும் என்றான். அதில் இரிடியம் இருக்கிறதாம். வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குவார்களாம். சித்தப்பாவின் கண்ணெதிரே அரிசி மணிகள் காசை நோக்கி நகர்ந்தன. இரண்டு பருவத்து உருளைக்கிழங்குப் பணம் அந்த மனிதனோடு போயிற்று. இரிடியம் மிகக் கனமான உலோகம், மெய்தான்; ஒரு கன சென்டிமீட்டர் இருபத்திரண்டு கிராமுக்கு மேல் நிறுக்கும். ஆனால் அது அரிசியை இழுக்காது. அரிசியை இழுக்கும் உலோகம் உலகிலேயே இல்லை. இரும்புத்தூள் பூசிய அரிசியும், மறைத்து வைத்த காந்தமும் இருந்தால் எந்தக் காசும் இழுக்கும். இந்தப் பித்தலாட்டத்தால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அழிந்த குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே, "படிச்ச பிள்ளை பாக்கட்டும்" என்று அப்பத்தா காத்திருந்தாள்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போனேன். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த கதையை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொன்னைச் சுரண்டவும் வேண்டாம், அமிலத்தில் இடவும் வேண்டாம். காற்றில் ஒருமுறை நிறுத்து, நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவிட்டு மறுமுறை நிறுத்தால் போதும். குறையும் எடையால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். குமிழி ஒட்டாமலிருக்கத் தண்ணீரில் ஒரு துளி சோப்பு விடவேண்டும். அவ்வளவுதான்.

காற்றில் 3.12 கிராம். நீரில் 2.75 கிராம். குறைந்தது 0.37. வகுத்தால் 8.4.

இருபத்திரண்டு காரட் தங்கமாக இருந்தால் பதினேழுக்கு மேல் வந்திருக்க வேண்டும். எட்டரையை ஒட்டி நிற்பது பித்தளை.

நான் மீண்டும் நிறுத்தேன். நூலை மாற்றினேன், நீரை மாற்றினேன். நான்கு முறை செய்தேன். விஞ்ஞான மாணவன் ஒரு சோதனையை நான்கு முறை செய்வது பிழையைக் குறைப்பதற்காக. நான் செய்ததோ அதற்காக அன்று. எப்படியாவது அது பொன்னாக இருக்கக்கூடாதா என்ற ஆசையால் செய்தேன். தராசுக்கு என் தங்கையைத் தெரியாது. நான்கு முறையும் அதே விடைதான்.

அப்படியானால் இது என்ன? கள்ளக்காசா? கைக்கண்ணாடியை வைத்து எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். தலைப்பக்கத்தில் இருந்தவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ். மறுபக்கத்தில் மண்வெட்டி போன்ற கேடயம். கீழே 1797. கேடயத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைத் தமிழில் சொன்னால், "நல்ல பழைய நாட்களின் நினைவாக" என்று வரும்.

காசில் இப்படி எழுதுவார்களா? எந்த அரசாங்கமும் தன் நாணயத்தில் பழைய நாட்களை எண்ணி ஏங்காது! நூலகத்தில் நாணய நூல்களைப் புரட்டியபின் விளங்கிற்று. இது நாணயமே அன்று. சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் ஆட்டவில்லை.

இதன் வரலாறு சுவையானது. 1787 முதல் 1799 வரை மூன்றாம் ஜார்ஜ் வெளியிட்ட கினி என்னும் பொற்காசில் இந்த மண்வெட்டிக் கேடயம் இருந்தது. மெய்யான கினி எட்டே கால் கிராமுக்குச் சற்று மேல் நிறுக்கும். அதாவது நம் வீட்டுப் பவுனைவிடச் சிறிது கனம். 1797ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் போரின் நெருக்கடியால் இங்கிலாந்து வங்கி தன் நோட்டுகளுக்குத் தங்கம் தருவதை நிறுத்திக்கொண்டது. 1817இல் கினியின் இடத்தைச் சவரன் என்னும் புதிய பொற்காசு பிடித்தது. அந்தச் சவரன்தான் இன்றும் நம் நகைக்கடைகளில் எட்டுக் கிராமாக வழங்குகிறது. கினி மறைந்த பின்பு, பர்மிங்காம் நகரத்துப் பட்டறைக்காரர்கள் அதன் உருவத்தைப் பித்தளையில் அடித்து ஆட்டவில்லைகளாக விற்றார்கள். தூரத்தில் பார்த்தால் பொற்காசு. கிட்டே வைத்துப் படித்தால், மன்னரின் பட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் "நல்ல பழைய நாட்கள்"! விஸ்ட் போன்ற சீட்டாட்டங்களில் இவற்றை மேசைமேல் குவித்து வைத்துத் தோற்றவர் வென்றவருக்குத் தள்ளுவார்கள். ஆட்டம் முடிந்தபின் எண்ணிக் கணக்குத் தீர்ப்பார்கள். இங்கிலாந்தில் இவை ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, மலிவாகவே விலைபோகின்றன.

வில்லை வைத்து எண்ணுவது மேலைநாட்டில் மிகப் பழைய வழக்கம். எழுதிக் கணக்குப் போடும் முறை பரவுவதற்கு முன், வணிகர் கோடிட்ட பலகையில் உலோக வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டனர். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் அவ்வில்லைகளை ஐரோப்பா முழுமைக்கும் அடித்து அனுப்பியது. கணக்கு தாளுக்கு மாறியபின், அதே வில்லைகள் சூதாட்ட மேசைக்குப் போயின. சீனத்துக் காண்டன் நகரில் முத்துச்சிப்பியில் செதுக்கிய ஆட்டவில்லைகளை, தம் குடும்ப முத்திரை பொறித்துத் தரும்படி ஆங்கிலப் பிரபுக்கள் சொல்லி அனுப்பி வாங்கினார்கள்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? நம் பாட்டிமார் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையையும் சோழியையும் வைத்தார்கள். தாயத்துக்கு உடைந்த வளையலும் ஓட்டாஞ்சில்லும் போதும். கீழடியில் அகழ்ந்தபோது தாயக்கட்டைகளும், ஆட்டக்காய்களும், பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்திருக்கின்றன. ஓட்டாஞ்சில்லைக் கண்டு பொன் என்று மயங்குவார் இல்லை. பித்தளைக்கு மட்டும் அந்த வினை எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

மஞ்சள் வட்டத்தின் கதை இவ்வளவில் முடிந்தது. ஆனால் மேசைமேல் அந்தக் கறுத்த தகரம் இன்னும் கிடந்தது. முடிச்சோடு வந்ததாயிற்றே என்று அதையும் கண்ணாடியின் கீழே வைத்தேன். படம் இல்லை; மன்னர் இல்லை; ஆண்டு இல்லை. ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் ஆணி போன்ற முத்திரையால் தட்டப்பட்டிருந்தன. துளை நூல் கோப்பதற்கு. துளையின் மேற்பக்கம் மட்டும் தேய்ந்து நீண்டிருந்தது. நெடுநாள் கயிற்றில் தொங்கியிருக்க வேண்டும்.

அப்பத்தா பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லியிருந்தாள்: "எங்காத்தாவோட அப்பன் கண்டிச்சீமைக்குப் போயிட்டு வந்தவரு." அது நினைவுக்கு வந்ததும் இலங்கைத் தோட்டங்களைப் பற்றிய நூல்களை எடுத்தேன். அங்கே இருந்தது விடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் சில்லறைக்குப் பெரும் பஞ்சம். பல தோட்டங்களும் கம்பெனிகளும் தாமே உலோக வில்லைகளை அடித்துக் கூலிக்கு அடையாளமாகக் கொடுத்தன. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வழக்கம் இருந்தது. அந்த வில்லை தோட்டத்துக் கடையிலும் சுற்றுவட்டத்துச் சந்தையிலும் செல்லும், அப்பால் செல்லாது. உழைத்தவன் தான் உழைத்த கூலியோடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த வில்லையே அளந்து வைத்தது.

எங்கள் தகரம் அதுவும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி சேர்த்த ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தகரவில்லை கொடுப்பார்கள். அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்தின் எழுத்து, தோட்டத்தின் எண், ஆளின் எண் ஆகியவை பொறித்திருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால், ரயிலுக்கும் கப்பலுக்கும் சீட்டு வேண்டாம். வழியில் சோறும் கிடைக்கும். செலவெல்லாம் அந்த எண்ணுக்கு உரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டத்தின் கணக்கில் ஏறியது பிறகு யார் தலையில் இறங்கும் என்பதை நான் சொல்ல வேண்டுமா? அந்தக் கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. மாற வேண்டுமானால் "துண்டு" என்னும் கடன்சீட்டு வேண்டும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இதைப் படித்து முடித்தபோது நூலகத்தில் மாலை மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த தகரத்தைப் பார்த்தேன். என் அப்பத்தாவின் தாத்தாவுக்கு என்ன பெயர் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய எண் மட்டும் என் உள்ளங்கையில் இருந்தது.

இரண்டும் வட்டம். இரண்டும் எண்ணுவதற்காகச் செய்தவை. ஒன்று, மாலைப்பொழுதைப் போக்கத் துரைமார் எண்ணியது. மற்றொன்று, மனிதனையே எண்ணியது. நாங்கள் முன்னதைப் பொன் என்று போற்றினோம். பின்னதைத் தகரம் என்று தள்ளினோம்.

இனி, அப்பத்தாவிடம் என்ன சொல்வது? விடுதியில் உடன் இருக்கும் நண்பர் ஓர் உபாயம் சொன்னார். "பவுன்தான், விற்றுவிட்டேன் என்று சொல்லிவிடு. கடன் வாங்கிப் பணத்தைக் கொடு. கிழவி நிம்மதியாக இருக்கட்டும்." நல்ல மனத்தோடு சொன்ன சொல்தான். எனக்கும் அது சரியென்றே தோன்றியது. பிறகு யோசித்தேன். "திருடினாள்" என்ற பழியை ஒரு தாய் தன்மேல் தானே சுமத்திக்கொண்டு இறந்திருக்கிறாள். மகளும் அதைப் பையில் முடிந்து சுமக்கிறாள். நான் சொல்லும் பொய் அந்தப் பழிக்கு இன்னொரு முடிச்சு அல்லவா போடும்?

அந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறினேன். டாப் ஸ்டேஷனைக் கடக்கும்போது மூடுபனி. ஒரு காலத்தில் அங்கேதான் மூணாறிலிருந்து வந்த மலைரயில் முடியும். தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிப் போடிப் பக்கம் இறங்கும். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டு போயிற்று. மேலே போகும் ஆட்களுக்குக் கம்பிவடம் இல்லை. அவர்கள் நடந்தே ஏறினார்கள். என் முன்னோரும் அப்படித்தான் ஏறியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

அப்பத்தா அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பத்தா, இது பவுனில்ல."

அவள் கை நிற்கவில்லை. "முலாமா?"

"பித்தள. காசுகூட இல்ல. சீட்டாட்டத்துல வைக்கிற சாமான். நாம தாயம் ஆடப் புளியங்கொட்டை வைக்கிறோமே, அது மாதிரி."

இப்போது கை நின்றது. வெகுநேரம் என்னைப் பார்த்தாள்.

"வெளையாட்டுச் சாமானா?"

"ஆமா. பெட்டி பெட்டியா வாங்கி வச்சிருப்பாங்க. ஒண்ணு கொறஞ்சாத் தெரியாது. அதான் துரைசாணி கேக்கவே இல்ல."

அவள் சிரித்தாள். முதலில் மெல்லச் சிரித்தாள். பிறகு உரக்கச் சிரித்தாள். சிரிப்பினூடே கண்ணில் நீர் வழிந்தது. "அடி ஆத்தா! இதுக்கா நீ அம்பது வருசம் உண்டியல்ல கூலியப் போட்ட? இதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த?" என்று இறந்துபோன தாயைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் அழுகிறாளா, மகிழ்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. ஐம்பது நாள் கூலி! அந்தப் பித்தளைக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலை அது. பர்மிங்காமில் ஒரு பெட்டி நிறைய வாங்கியிருக்கலாம்.

சிறிது நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அந்தத் தகரம்?"

சொன்னேன். கண்டிச்சீமை, கங்காணி, கப்பல், கழுத்துக் கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதை வாங்கி, எழுத்துத் தெரியாத விரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள். "என்ன நம்பர்?" என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை அவளே சொன்னாள். பெயரை மனப்பாடம் செய்வதுபோல் சொல்லிப் பார்த்தாள்.

தங்கையின் தவணைக்கு வழி? விதைக்கென்று பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டில் பாதியை அப்பா விற்றார். அடுத்த பருவத்தில் பாதி வயல்தான் பூண்டு. மீதி வயலில் பீன்ஸ் போட்டார். தங்கை இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். அது வேறு கதை.

நான் காசு பார்க்கத் தெரிந்தவன் என்ற செய்தி அந்த ஒரே நாளில் தெருவெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலையில் வாசலில் ஐந்தாறு பேர்! ஒருவர் கொண்டுவந்தது திருவிதாங்கூர்ச் சக்கரம். பருப்பளவு வெள்ளிக்காசு. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கையில் எண்ணினால் சிதறிவிடும் என்று, குழிகள் வெட்டிய மரப்பலகையில் அள்ளிக் கொட்டி, குழிகள் நிறைந்ததும் எண்ணிக்கை முடிந்ததென்று கொள்வார்கள். அவரிடம் இருந்தது மெய்யான காசு. இன்னொரு பெரியவர், இராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கமும் "கிழக்கிந்தியக் கம்பெனி, 1818" என்று மறுபக்கமும் உள்ள செப்புக்காசைப் பூசை அறையிலிருந்து எடுத்து வந்தார். இதற்கு இலட்சங்கள் தருவதாக ஒருவன் சொன்னானாம். கம்பெனி ஒருநாளும் இராமரையோ அனுமாரையோ போட்டுக் காசு அடிக்கவில்லை. அவை பிற்காலத்தில் பக்தர்களுக்காகவும், பின்னர் ஏமாற்றுவதற்காகவும் அடித்தவை. "பூசையில் வைத்துக் கும்பிடுங்கள் தாத்தா, விற்பவனிடமும் வாங்குபவனிடமும் போகாதீர்கள்," என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. உண்மை சொல்வது எளிய வேலை அன்று என்பதை ஒரே வாரத்தில் இரண்டாம் முறை உணர்ந்தேன்.

நண்பர்களே, நம்முள் பலர் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துப் படியேறியவர்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் ஓலைச்சுவடி இல்லாமல் இருக்கலாம். பட்டயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரு சுருக்குப்பையிலோ, அஞ்சறைப்பெட்டியிலோ, பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ இத்தகைய வட்டத் தகடு ஒன்று கிடக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், புளி போட்டுத் துலக்காதீர்கள். துலக்கினால் எழுத்தும் தேய்ந்து போகும். நிறுத்துப் பாருங்கள், நீரில் இட்டுப் பாருங்கள். வார்த்ததா, அச்சில் அடித்ததா, ஆணியால் தட்டியதா என்று விளிம்பைப் பாருங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைத்ததானால் சட்டப்படி அரசுக்குத் தெரிவியுங்கள். "என்ன விலை பெறும்?" என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். "யார் செய்தது? யாருக்குக் கொடுத்தது? எதை எண்ணுவதற்கு?" என்ற கேள்விகளை முதலில் கேளுங்கள். பெட்டியைத் திறக்கும் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவள் பேச்சுவாக்கில் சொன்ன கண்டிச்சீமை என்ற ஒரு சொல் இல்லாமல் என் தராசும் நூலகமும் அந்தத் தகரத்தை அறிந்திருக்கமாட்டா.

சென்ற மாதம் மீண்டும் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் புளியங்கொட்டை, ஒருவனுக்குச் சோளம், இன்னொருத்திக்கு உடைந்த வளையல். நாலாவது பிள்ளையின் காயாக மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கட்டத்துக்குக் கட்டம் நகர்ந்துகொண்டிருந்தார். அப்பத்தாதான் எடுத்துக் கொடுத்தாளாம்.

"அந்தத் தகரம் எங்க அப்பத்தா?" என்றேன்.

இடுப்பைத் தட்டிக் காட்டினாள். சுருக்குப்பையில், தனி முடிச்சில் இருந்தது.